முழங்காலுக்காக ஒரு ஜெபம்

எனக்கும் பக்கத்து வீட்டு சரோஜாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டன் போன். சிம் அவள் பேரில், ரீசார்ஜ் பாதிப் பாதி. வார நாளெல்லாம் அவளிடம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னிடம். இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். எனக்கு அந்த ஒரு நாள் போதும்.

என் மகள் மதிவதனி, ஒரகடம் கம்பெனியில் கூட வேலை பார்த்த பையனோடு போய்விட்டாள். எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர் தாவீது. அவர் போனை நான் தொடவே முடியாது. ஞாயிறு அவர் சர்ச்சுக்குக் கிளம்பியதும் மதி யார் போனிலிருந்தாவது கூப்பிடுவாள். இருக்கும் இடம் மட்டும் சொல்லமாட்டாள்.

"உனுக்குத் தெரிஞ்சா, அப்பா உன்ன அடிச்சே விஷயத்த வாங்கிடுவாரும்மா."

நான் சர்ச்சுக்குப் போகாததற்கு முழங்கால் வலி என்று ஒரு பொய். பாஸ்டர் வாராவாரம் என் முழங்காலுக்காக ஜெபம் செய்தார். சபையே உருகியது. என் மகள் பேரை எடுத்தால் மட்டும் அத்தனை பேரும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, "எட்டாவது மாசம்மா. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி பேரு சொல்றேன். வந்துருவியா?" என்றாள்.

"எப்படியாவது வந்துருவேன்டி" என்றேன்.

அந்த வாரமே சரோஜாவின் மகன் பிரவீன் கம்பெனியில் பர்மனென்ட் ஆனான். அவர்கள் வீட்டில் ஆளுக்கொரு புதுப் போன். சனிக்கிழமை நான் போய்ப் பழைய போனைக் கேட்டேன்.

"அந்த நம்பர கேன்சல் பண்ணியாச்சு மீனம்மா."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நாளைக்கு எம்பொண்ணு கூப்புடுவா சரோஜா."

"அதுக்குத்தான் பண்ணோம். சிம்மு எம்பேர்ல கீது. ஓடிப்போன பொண்ணு இந்த நம்பர்லதான் பேசுறான்னு உன் வூட்டுக்காரரு போலீசுக்குப் போனா, எம்மவன் வேலைக்கு யாரு பதில் சொல்றது?"

"பாதிக் காசு வாங்குறப்போ அந்தப் போலீசு எங்க போயிருந்துச்சு?"

கதவைச் சாத்திக்கொண்டாள். அவளோடு எட்டு வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறேன். அந்தக் கதவை உதைக்கவேண்டும் போலிருந்தது.

படப்பையில் செல்போன் கடைக்கு ஓடினேன். அந்த நம்பரைத் திரும்ப வாங்க, சிம் யார் பேரில் இருந்ததோ அவரே வந்து கைரேகை வைக்கவேண்டும் என்றார் கடைக்காரர்.

இனி ஞாயிறு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? தாவீதோடு சர்ச்சுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்ம சகோதரிய கர்த்தர் நடக்க வெச்சாரு! அல்லேலூயா! முன்னால வந்து சாட்சி சொல்லுங்கம்மா."

எல்லோரும் கைதட்டினார்கள். தாவீதும் தட்டினார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இந்நேரம் என் மகள் யாரிடமோ போனைக் கெஞ்சி வாங்கி, அந்த நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பாள்.

"வலி போயிடுச்சுங்க" என்றேன். "ஸ்தோத்திரம்."