கட்டிக்கொண்டு அழுதல்

எழுபத்திரண்டாம் பக்கத்தில் மகாராஜன் நிறுத்தியிருந்தார். சங்கரன்கோவில் வடக்கு ரத வீதியில் டிடிபி கடை வைத்திருப்பவர். பெனிட்டா டீச்சர் ‘கட்டு’ என்ற ஒரே சொல்லை வைத்து ஆறு வருடமாக எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டை அவர்தான் அடித்துக்கொடுக்கிறார். சேர்தலைக் குறிக்கும் ‘கள்’ என்ற வேரிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதும், தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே ‘கட்டு’, மலையாளத்தில் ‘கெட்டு’ என்பதும் முதல் இயலில் முடிந்திருந்தன. அடுத்த இயலில் பொருள்கள். பூக் கட்டுவது, வீடு கட்டுவது, தாலி கட்டுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது.

“என்ன அண்ணாச்சி, எழுத்து புரியலியா?”

“புரியுது டீச்சர். இந்த ஒண்ணுதான்.” திரையில் விரல் வைத்தார். ‘கட்டிக்கொண்டு அழு: ஒருவரை வெறுப்போடு சுமத்தல்.’

“எம் பொஞ்சாதி ஒம்பது வருசம் படுக்கையில கெடந்தா. ‘எத்தன நாளைக்குவே இவளக் கட்டிக்கிட்டு அழப்போறீரு’ன்னு வாரவன்லாம் கேப்பான். அவ காதுலயும் விழும். கஷ்டந்தான், இல்லன்னு சொல்லல. வெறுப்பு இல்ல டீச்சர்.”

அந்தப் பொருளை அவள் எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. போன மாதம் பெங்களூரிலிருக்கும் தம்பி ஜெபசிங்கிடம் போனில் சொன்னாள்: “நீ அங்கன சௌகரியமா இருக்க. நாந்தான் அப்பாவக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கேன்.” அப்பா ஜெயசிங் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். மகள் பெயரே மறந்தவருக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தாள். அதன் பிறகுதான் தம்பி முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்தான். இன்று மாலைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.

“அத அழிச்சிருங்க அண்ணாச்சி. வேற எழுதித் தாரேன்.”

பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனாள். அப்பா கட்டிலில் விட்டுப்போன மாதிரியே இருந்தார். தெருவில் இறங்கிப் போய்விடுகிறார் என்று, வெளியே கிளம்பும்போதெல்லாம் பழைய புடவைக் கிழிசலால் அவர் இடது கையைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போவாள். இதை அவள் தம்பியிடம் சொன்னதில்லை. ஆய்வேட்டிலும் எழுதவில்லை.

முடிச்சு இன்று இறுகியிருந்தது. நகத்துக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

“யாரு கட்டுனா?” என்றார் அப்பா.

“நாந்தாம்ப்பா.”

மணிக்கட்டில் சிவந்த தடம். அவர் அதைப் பார்க்கவில்லை. போன் அடித்தது, ஜெபசிங். அப்பா அந்தத் துணியை மடியில் வைத்துச் சுருக்கம் போக நீவினார். நாலாக மடித்தார். பிறகு, ஜவுளிக் கடைக்காரர் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.