உப்புப் பார்க்கிற கை

தராசில் ஏறுவதற்கு முன் ஸஜீதா செருப்பைக் கழற்றினாள். கைப்பையை றிஸ்லாவிடம் கொடுத்தாள். ஒரு கணம் யோசித்து, கைக்கடிகாரத்தையும் இரண்டு வளையல்களையும் கழற்றி அவளிடமே நீட்டினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தராசின் சின்னக் கண்ணாடியில் எண்கள் ஓடி, எண்பது புள்ளி நாலில் நின்றன. போன மாதமும் அதேதான். அதற்கு முந்திய மாதம் எண்பது புள்ளி இரண்டு. தாதி எழுதிக்கொண்டாள். வளையல்களைத் திருப்பிக் கொடுக்கும்போது றிஸ்லா ஸஜீதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

றிஸ்லா, ஸஜீதாவின் தம்பி ஷிஹாமின் மனைவி. ஷிஹாமுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருடமாகிறது. மாத்தளையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குப் போய் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு வருவான். கட்டாரில் இருக்கும் மூத்த சகோதரருக்குச் சீனி வியாதி, அவரிடமிருந்து சிறுநீரகம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். றிஸ்லாவின் இரத்தம் பொருந்தவில்லை. ஸஜீதாவினுடையது எல்லாம் பொருந்தியது. டொக்டர் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லது, எடைதான் கூட, எண்பத்து மூன்றிலிருந்து எழுபத்திரண்டுக்கு வரவேண்டும், அதுவரை கத்தி வைக்க முடியாது என்றார். கொடுக்கிறவருக்கும் ஆபத்து வரக்கூடாது இல்லையா என்றும் சொன்னார். அது ஐந்து மாதத்துக்கு முன்.

அன்றைக்கே ஸஜீதா இராச் சோற்றை விட்டாள். பகலில் சிவப்பரிசிச் சோறு ஒரு அகப்பை, மற்றதெல்லாம் கீரையும் மரக்கறியும். அஸர் தொழுதுவிட்டு கொங்காவெலயிலிருந்து அலுவிஹார பக்கம் வரை நடந்து போய் நடந்தே திரும்பினாள். முதல் ஆறு வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது. பிறகு தராசு அசையவில்லை. இரவில் பசியில் வயிறு எரிந்தது, கால் வீங்கியது, பெருநாள் வீடுகளில் புரியாணித் தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் இருந்தும் அசையவில்லை.

கண்டியிலிருந்து திரும்பும் பஸ் அக்குறணையைத் தாண்டியது. பிறகு றிஸ்லா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மதினி, உங்களுக்கு விருப்பமில்லாட்டி சொல்லிடுங்க. நான் கோவிக்க மாட்டேன். வேற ஆள் தேடுறதுன்னா எங்களுக்கு நேரம் வேணும். அவருக்கு நேரமில்ல."

ஸஜீதாவுக்குக் காது சுட்டது. இந்தப் பெண்ணை அவள்தான் பார்த்துத் தம்பிக்குக் கட்டி வைத்தாள். பத்து வருடத்தில் ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசாதவள்.

"நான் களவாத் தின்றேன்னு நெனைக்கிறியா?"

"அப்படிச் சொல்லல."

"அதைத்தான் சொல்றாய். வா. நாளைக்குக் காலையில வந்து என்னோட குசினியில இரு. நாள் முழுக்க இரு. என்ட வாய்க்குள்ள என்ன போகுதுன்னு நீயே பாரு."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் றிஸ்லா மறுநாள் ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு, பிள்ளைகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, உண்மையாகவே வந்து நின்றாள்.

அந்த நேரத்தில் ஸஜீதாவின் குசினியில் நிற்க இடமிருக்காது. பன்னிரண்டு வருடமாக அவள் வீட்டிலிருந்தே ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட் செய்து டவுனில் மூன்று தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். கணவர் ரவூப் சரக்குக் கடை ஒன்றில் மிளகும் கராம்பும் நிறுக்கிற வேலை. ஏழரைக்குத் தட்டுகளைத் திரீவீலில் ஏற்றிக்கொண்டு அவர்தான் கடைகளுக்குப் போட்டுவிட்டுப் போவார். நாளுக்கு இருநூறு உருப்படிக்குக் குறையாது. கிழங்கு அவித்து மசிக்க வேண்டும், டின்மீனைப் பிசைய வேண்டும், லீக்ஸ் வெட்ட வேண்டும், மாவைத் தோசைபோல வார்த்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டிப் பொரிக்க வேண்டும். றிஸ்லா சின்ன வாங்கில் உட்கார்ந்து பாண் தூளில் புரட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோப்பையையும் ஒரு கிளாஸையும் வைத்துக்கொண்டாள். கழிவு போடத்தான் என்று ஸஜீதா நினைத்தாள். வேலை மும்முரத்தில் அதைப் பிறகு கவனிக்கவும் இல்லை.

ஏழரைக்குத் தட்டுகள் போய், அடுப்பு அணைந்து, மகள் மர்வாவும் ஸ்கூலுக்குப் போன பிறகு ஸஜீதா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"பாத்தாய்தானே? ஒரு பிடி சோறு தின்னேனா?"

றிஸ்லா எழுந்து ஒரு சோற்றுத் தட்டைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தாள். கோப்பையை அதில் கவிழ்த்தாள்.

மசித்த கிழங்கும் டின்மீனும் சேர்ந்த கலவை ஒரு குவியலாக விழுந்தது. அதன்மேல் பிய்த்ததும் வெடித்ததுமாக ரோல்ஸ் மூன்று. பெட்டிஸ் ஓரத்தில் வெட்டி எடுத்துப் பொரித்த மாத்துண்டுகள், ஒரு கை நிறைய. பட்டர் பூசிய பாண் கரை இரண்டு. கச்சான் கடலை கொஞ்சம். கிளாஸின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இனிப்பு டின்பால் நின்றது.

"இது என்னது?" என்றாள் ஸஜீதா.

"நீங்க வாயில போட்டது. நீங்க ஒவ்வொரு தடவை போடக்குள்ளயும் அதே அளவு நானும் இதுல போட்டேன்."

"பைத்தியமா உனக்கு?"

"உப்புப் பாக்க பதினொரு கரண்டி மதினி. சட்டிக்கு மூணு நாலு தடவை. மொத ஈட்டுல ஒண்ணப் பிச்சு உள்ள வெந்துதான்னு பாத்தீங்க, பாத்துட்டு வாயில போட்டீங்க. வெடிச்சது ரெண்டு, கடைக்குக் குடுக்க ஏலாதுன்னு. மர்வா வெச்சிட்டுப் போன பாண் கரை. சீனி இல்லாத தேத்தண்ணி குடிக்கிறேன்னு சொன்னீங்க. சரிதான், சீனி போடல. டின்பால் போட்டீங்க, மூணு தரம். கரண்டியையும் நக்கினீங்க."

றிஸ்லா குரலை உயர்த்தவில்லை. வீட்டுப்பாடம் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

இல்லை என்று சொல்லத்தான் ஸஜீதா வாயைத் திறந்தாள். நாக்கின் ஓரத்தில் அந்த நேரம் ஒரு கச்சான் பருப்பின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது எடுத்தாள், எப்போது மென்றாள், நினைவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கை தன் பாட்டுக்குச் சட்டிக்கும் வாய்க்குமாகப் போய்வந்திருக்கிறது. அதைச் சாப்பாடு என்று அவள் ஒரு நாளும் எண்ணியதில்லை. சாப்பாடு என்றால் தட்டுப் போட்டு, பிஸ்மி சொல்லி, உட்கார்ந்து சாப்பிடுவது. இது வேலை.

றிஸ்லா தட்டைப் படமெடுத்து, கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் துஷாந்தினிக்கு அனுப்பினாள். ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்த பெண். மத்தியானத்துக்கு முன் அவளே ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் நெனைக்கல. இந்தத் தட்டு ஆயிரம் கலோரிக்குக் கிட்ட வருதுங்க. நீங்க மத்தியானமும் ராத்திரியும் சேத்துச் சாப்பிடுறதே அவ்வளவு இருக்காது. கீரை சுண்டுறப்போ தேங்காய்ப்பூ எவ்வளவு போடுறீங்க?"

"அரை மூடி."

"எலைக்கஞ்சி, கொலக் கெந்தை குடிக்கிறீங்கள்ல, அதுல?"

"தேங்காப்பால்தான்... கட்டிப்பால். அது ஒடம்புக்கு நல்லதுன்னுதானே எல்லாரும்..."

"நல்லதுதான். ஆனா எண்ணெய்யும் தேங்காயும் கண்ணுக்குத் தெரியாமப் போயிரும். பசியும் அடங்காது, எடையும் எறங்காது. அதான் நீங்க பட்டினி கெடந்தும் தராசு அசையல."

ஃபோனை வைத்த பிறகு ஸஜீதாவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். களவு இல்லை, பொய் இல்லை, நோயும் இல்லை, காரணம் தெரிந்துவிட்டது. றிஸ்லாகூட அழுகிற மாதிரி முகத்தோடு, "நான் பஸ்ல பேசினதை மன்னிச்சிடுங்க மதினி" என்றாள். ஸஜீதா தலையை மட்டும் ஆட்டினாள்.

லுஹர் தொழுதுவிட்டு முஸல்லாப் பாயை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான் அது வந்தது. நேற்றுத் தராசு எண்பது புள்ளி நாலில் நின்ற அந்த நொடி. கவலைப்பட்டாள், உண்மை. ஆனால் கவலைக்கு முன்னால் வேறொன்று இருந்தது. நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்து, ஒரு மூச்சு சுகமாக வெளியே போனது. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்கிற மாதிரி. போன மாதமும் அப்படித்தான். விலாவுக்குக் கீழே எங்கே வெட்டுவார்கள் என்று டொக்டர் விரலால் கோடு போட்டுக் காட்டிய நாளிலிருந்து, குளிக்கும்போது அந்த இடத்தில் சவர்க்காரம் போடக்கூட அவள் கை கூசியது. ரவூபிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தன் ஏழு வயதில் ஷிஹாமை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்று ஊரே அவளைப் பற்றிப் பேசும்போது, பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? கை உப்புப் பார்க்கத்தான் போனதா, இல்லை அவளுக்குத் தெரியாமல் அவளைக் காப்பாற்றப் போனதா என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க இரண்டும் உண்மை மாதிரியும் இரண்டும் இல்லாத மாதிரியும் இருந்தது. கடைசியில் எழுந்து முஸல்லாவை மடித்து வைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து றிஸ்லா தினமும் காலையில் வந்தாள். உப்புப் பார்ப்பது அவள் வேலையாயிற்று. ஸஜீதா வாயில் ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு வேலை செய்தாள். வாய் சும்மா இருந்தால் கை கேட்காது. முதல் வாரம் ஒரே குளறுபடி. றிஸ்லாவுக்கு உப்பு உறைப்பு எல்லாம் தூக்கலாக வேண்டும், ஒரு கடையிலிருந்து ஒரு தட்டுக் கட்லட் அப்படியே திரும்பி வந்தது. பிறகு பழகிவிட்டது. வெடித்த ரோல்ஸை ரவூப் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் கொண்டுபோனார். கீரைக்குத் தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி, கெந்தைக்கு மூன்றாம் பால், தேத்தண்ணி வெறுமனே. மூன்று மாதத்தில் றிஸ்லா இரண்டு கிலோ கூடினாள்.

"உங்கட எடையெல்லாம் என்ட இடுப்புக்கு வந்திட்டுது மதினி" என்று அவள் சொன்னபோது ஸஜீதா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

சில நாட்களில் ஷிஹாமும் வந்து குசினி வாசலில் கதிரை போட்டு உட்காருவான். முகம் கறுத்து, கண்ணைச் சுற்றி வீக்கம். அவனுக்கு நாளைக்கு அரைப் போத்தல் தண்ணீர்தான். ஒவ்வொரு மிடறையும் மூடியில் அளந்து குடிப்பான். கிழங்கு என்றால் இரண்டு தரம் அவித்து ஊற்றினால்தான் ஒரு துண்டு தின்னலாம். பொரிகிற வாசத்தை இழுத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பான்.

ஒரு நாள் சொன்னான்: "ராத்தா, நீங்க மெலிஞ்சிட்டே போறீங்க. பாக்க ஏலாம இருக்கு."

"குண்டா இருந்தா உனக்குப் பிரயோசனமில்லையே தம்பி."

அவன் சிரிக்கவில்லை. கையில் இயந்திரத்து ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டு, "அதுக்குச் சொல்லல" என்றான். பிறகு எழுந்து போய்விட்டான்.

நாலாவது மாதம் தராசு எழுபத்தொன்று புள்ளி எட்டைக் காட்டியது. டொக்டர் இரத்தப் பரிசோதனைகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, நாட்காட்டியைத் திருப்பி, அடுத்த மாதம் பதினான்காம் தேதி என்று எழுதினார். றிஸ்லா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். ஸஜீதாவும் சொன்னாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று ஷிஹாமுக்கு இயந்திர நாள். அவன் உள்ளே இருந்தான். வெளியே நடைவழியில், ஒரே கம்பியில் வரிசையாகப் பொருத்திய பிளாஸ்டிக் கதிரைகளில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கதிரைகளின் அந்தக் கோடியில் தொப்பி போட்ட ஒரு முதியவர் மடியில் ஸ்கேன் உறையை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். றிஸ்லா ஃபோனில் பதினான்காம் தேதி என்ன கிழமை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"றிஸ்லா."

"ம்?"

"அண்டைக்கு நீ பஸ்ல கேட்டது முழுக்கப் பொய்யில்ல."

றிஸ்லா ஃபோனை மடியில் வைத்தாள்.

"எடை எறங்கலன்னு தாதி எழுதினப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வந்திச்சி. ரெண்டு மாசமும் வந்திச்சி. இண்டைக்கு வரல. இண்டைக்குப் பயம் மட்டும்தான் இருக்கு."

மருந்து வண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட அவர்களைத் தாண்டிப் போனது. றிஸ்லா அது போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இப்பவும் வேணாம்னா சொல்லலாம் மதினி. தியேட்டருக்குள்ள போற நிமிஷம் வரைக்கும் சொல்லலாம்னு டொக்டர் சொன்னாருதானே. நான்..." அவள் நிறுத்தி, முடிந்த அளவு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் யாருக்கும் காரணம் சொல்ல மாட்டேன். அவருக்கும் சொல்ல மாட்டேன்."

அதைச் சொல்ல அவளுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று ஸஜீதாவுக்குத் தெரிந்தது. அவள் றிஸ்லாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதில் பாண் தூளின் வாசம் இன்னும் இருந்தது.

"தெரியும்" என்றாள்.

உள்ளேயிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தாதி தலையை நீட்டினாள். கையில் ஒரு கடதாசி. நடைவழி முழுவதையும் பார்த்துக் கேட்டாள்: "ஷிஹாம்ட ஆள் யாரு?"

இருவரும் ஒன்றாகவே எழுந்தார்கள். கம்பி ஒரு பக்கம் உதறிக்கொண்டு கதிரை வரிசை முழுவதும் ஆடியது. அந்தக் கோடியில் தூங்கிக்கொண்டிருந்த முதியவர் திடுக்கிட்டு விழித்து, ஸ்கேன் உறையை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி, எழுந்து நின்ற இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.