நழுவ விட்டவர் கையெழுத்து

பதினாறு வருஷமாக நான் பார்த்த வேலை கண்ணாடி பாட்டில்களை முறைத்துப் பார்ப்பது. வெளிச்சப் பலகைக்கு முன்னால் பெல்ட்டில் மருந்து பாட்டில்கள் வரிசையாக வரும். குமிழி, விரிசல், வாய்க் கோணல் எது இருந்தாலும் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். வீட்டில் டம்ளரைக்கூட முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். பிறகு எங்கள் ஆலைக்குக் கேமரா வைத்த இயந்திரம் வந்தது. எங்கள் ஒன்பது பேரையும் ஓர் அறைக்குக் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். அவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் எங்களிடம் பேசியதில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஆலையிலிருந்து நான் கொண்டுவந்தது ஒரே ஒரு பழக்கம். அங்கே ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு நோட்டு உண்டு. தேதி, நேரம், என்ன குறை, என்ன செய்தோம் என்று நாலு கட்டம். ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு, 'நழுவ விட்டவர் கையெழுத்து'. நம் கண்ணைத் தாண்டிப் போன பாட்டிலைப் பேக்கிங்கில் பிடித்தால் நாமே போய் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். போடாமல் மழுப்பியவர் அடுத்த மாதம் வெளிச்சப் பலகை பக்கம் நிற்க முடியாது.

வேலை தேட ஆரம்பித்ததும் நான் அதே மாதிரி கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். யார் போன் செய்தார், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன். கை பழக்கத்தில் ஐந்தாவது கட்டத்தையும் போட்டுவிட்டேன். லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தார்.

"போன் பேசறதுக்கெல்லாம் ரெஜிஸ்டரா? யார் கேட்டாலும் சரின்னு சொல்லிட்டுப் போ. நாலு பேர் நாலு இடத்துல சொன்னா ஒண்ணாவது அமையும்" என்றார்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஐந்து மாதம் சும்மா இருந்தவளுக்கு எது சொன்னாலும் நியாயமாகத்தான் படும்.

ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர்கள் எத்தனையோ பேர் பேசினார்கள். அதில் ஒரு பையனுக்கு நான் வைத்த பெயர் அவசரம்.

"மேடம், அவசரம். பத்து நிமிஷத்துல உங்க பயோடேட்டா வேணும்."

"எந்தக் கம்பெனி தம்பி?"

"அதெல்லாம் இப்ப சொல்லக்கூடாது மேடம். ரகசியம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

சம்மதம் என்றேன். கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு சீக்கிரம் சம்மதம் சொல்லவில்லை. அப்புறம்தான் வேலை விவரத்தை மட்டும் நாலு வார்த்தையில் சொன்னான், நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா பேசினார். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார், அதுவே பெயராகிவிட்டது. ஆனால் கம்பெனி பெயரை முதல் வாக்கியத்திலேயே சொன்னார். எந்தப் பிரிவு, எத்தனை ஷிஃப்ட், யாருக்குக் கீழே வேலை என்று நிதானமாக விவரித்தார். கடைசியில், "இந்தக் கம்பெனிக்கு நான் அனுப்பறதுல உங்களுக்குச் சம்மதம்னு ரெண்டு வரி மெயில்ல எழுதுங்க. அது வந்தப்புறம்தான் அனுப்புவேன்" என்றார். வீட்டுப் பத்திரம் எழுதுவது போல இவ்வளவு இழுக்கிறாரே என்று அலுத்துக்கொண்டே எழுதினேன்.

நாலாம் நாள் அவர் மறுபடி பேசியபோது குரலே சரியில்லை.

"உங்க பேர் அங்க ஏற்கெனவே வேற ஏஜென்சி மூலமா வந்திருக்காம். யாராவது கம்பெனி பேர் சொல்லாம உங்ககிட்ட பயோடேட்டா வாங்கினாங்களா?"

"வாங்கினாங்க."

"ஒரே ஆள் ரெண்டு பக்கமிருந்து வந்தா அந்தக் கம்பெனி ரெண்டையும் ஒதுக்கி வச்சிடும். நாளைக்கு இது யார் அனுப்பின ஆள்னு ஏஜென்சிகளுக்குள்ள கமிஷன் சண்டை வரும்ல, அதான்."

"இப்ப என்ன பண்றது?"

"பார்க்கலாம்" என்றார். முதல் தடவையாக அந்த வார்த்தை எனக்குப் பயமாக இருந்தது.

நோட்டைத் திறந்தேன். அவசரம் சொன்னது என் கையெழுத்திலேயே இருந்தது: 'மருந்து பாட்டில், புதுப் பிரிவு, இரண்டு ஷிஃப்ட், கண் பரிசோதனை உண்டு.' மூன்று வரி தள்ளி, அந்த அம்மா சொன்னதும் இருந்தது. புதுப் பிரிவு, இரண்டு ஷிஃப்ட், கண் பரிசோதனை உண்டு. முடி அளவு விரிசலைக் கண்டுபிடிக்கிறவள் நான். மூன்று வரி இடைவெளியில் இருந்ததைக் கோட்டை விட்டிருந்தேன். என் தொழிலுக்கு இந்த ஊரில் இருந்தது அந்த ஒரே வேலை. பேனாவை எடுத்து ஐந்தாவது கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

அவசரத்துக்குப் போன் செய்தேன். "முதல்ல அனுப்பினது நான்தான் மேடம், நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க" என்று வைத்துவிட்டான். அப்புறம் எடுக்கவே இல்லை.

வீட்டுக்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். 'எல்லாம் உங்க யோசனைதான்' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். விழுங்கியது செரிக்கவில்லை என்பது வேறு கதை.

அவருடைய தங்கை ஒரு மருத்துவமனையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு விக்கி விக்கிச் சொன்னேன்.

"அண்ணி, அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். யார் என்னைக்கு என்ன சொன்னாங்கன்னு உங்ககிட்ட இருக்கா?"

"நோட்டுல இருக்கு."

"எங்க அண்ணன் கேலி பண்ணுவாரே, அந்த நோட்டா? அப்ப பொழைச்சீங்க. அந்தப் பக்கத்தை போட்டோ எடுங்க. நான் கம்பெனி பேர் தெரிஞ்சு சம்மதம் குடுத்தது இவங்களுக்கு மட்டும்தான்னு நாலு வரி எழுதி, ரெண்டு ஏஜென்சிக்கும் சேர்த்தே அனுப்புங்க. அந்தம்மாவை அதைக் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லுங்க. யாரையும் திட்டாதீங்க. தேதி போதும்."

"அதுல என் தப்புன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"அதை மறைச்சிடுங்க அண்ணி. வேலை கேக்கற இடத்துல நம்ம வண்டவாளத்தை நாமே காட்டணுமா?"

மறைத்துப் பார்த்தேன். ஒரு காகிதத் துண்டை ஐந்தாவது கட்டத்தின் மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே கோபம் வந்தது. ஒரு கட்டம் மூடின நோட்டை என் ஷிஃப்டில் யாராவது கொண்டுவந்தால் நான் மீதி நாலு கட்டத்தையும் நம்ப மாட்டேன். துண்டை எடுத்துவிட்டு முழுப் பக்கத்தையும் அனுப்பினேன். நாத்தனாரிடம் சொல்லவில்லை, ரெண்டு திட்டு மிச்சம்.

பதினோரு நாள் பதில் இல்லை. அந்தப் பதினோரு நாளில் வீட்டில் உள்ள எல்லாப் பாத்திரத்தையும் இரண்டு தடவை தேய்த்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் பார்க்கலாம் அம்மா பேசினார். "நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல வரச் சொல்றாங்க. நோட்டையும் கொண்டு வரணுமாம்."

அங்கே தரப் பிரிவின் மேலாளர், அரைக் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டவர், என் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தார். வணக்கம் சொல்லி உட்காருவதற்குள் விரல் ஐந்தாவது கட்டத்துக்குப் போனது.

"இது என்ன?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன்.

"உங்க தப்பை ஏன் நீங்களே எழுதினீங்க?"

"நழுவினது எங்கன்னு எழுதலைன்னா அடுத்த ஷிஃப்ட்லயும் அதே இடத்துல நழுவும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்ககிட்டயும் கேமரா இருக்கு. நல்ல பாட்டிலைத் தள்ளுது, கெட்டதை விடுது. கேட்டா பதில் சொல்லாது. அது பண்றதைச் சரிபார்க்கத்தான் இந்தப் புதுப் பிரிவு." பிறகு கேமரா 'நல்லது' என்று விட்ட முப்பது பாட்டில்களை ஒரு தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினார். மூன்றை எடுத்துத் தனியாக வைத்தேன். மூன்றிலும் முடி அளவு விரிசல்.

"சரி, அந்த ரெண்டு ஏஜென்சி விஷயம்?" நானே கேட்டுவிட்டேன்.

"எழுத்துல சம்மதம் வாங்கினது ஒருத்தர்தான். அவங்க மூலமா வந்ததா எடுத்துக்கிட்டோம்."

வேலை உங்களுக்குத்தான் என்றும் சொன்னார். வாய் வார்த்தையை நம்பி யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் மதியம் கடிதம் வந்தது. சேரும் தேதி, பிரிவு, வேலை எல்லாம் அச்சில். ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது மாதிரி இருந்தது. நாத்தனார் போனில் கத்திய கத்தலில் அவள் ஆபீஸே எட்டிப் பார்த்திருக்கும்.

அன்றைக்கே, சொல்லி வைத்தாற்போல, அவசரம் கூப்பிட்டான்.

"மேடம், அவசரம். ஒரு நல்ல வேலை வந்திருக்கு."

"எந்தக் கம்பெனி?"

"அது ரகசியம் மேடம்."

"அப்ப எனக்கு அவசரம் இல்ல தம்பி." ஐந்து மாதத்துக்கு அப்புறம் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நல்லதாப் போச்சு" என்றார். நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வரும்போது என் நோட்டு அவர் மடியில் இருந்தது, கையில் பேனா.

"அதுல என்ன கிறுக்கறீங்க?"

அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அந்த நாள், அந்தப் பக்கம். ஐந்தாவது கட்டத்தில் என் கையெழுத்துக்குக் கீழே, லாரி சரக்குச் சீட்டில் போடுகிற அதே கோணல் கையெழுத்து.

"எல்லாருக்கும் சரின்னு சொல்லச் சொன்னது யாரு?" என்றார். "நீ அன்னைக்கு அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லலை."

டீயைக் கீழே வைத்தேன். கண் நிறைந்துவிட்டது, எழுத்து தெரியவில்லை. இந்த மனுஷனை என்ன செய்வது என்று கோபமும் வந்தது, அதைவிட நூறு பங்கு நிம்மதி வந்தது.

"தேதி போடலையே" என்றேன்.

மறுபடி பேனாவை எடுத்து, தேதி போட்டார்.