சரிவில் இருந்த யானைக்காதுகள்

மூன்று வாரம் அக்கா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய கிளெனிஸ், டாக்ஸியை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டு முன்சரிவு மொட்டையாகக் கிடந்தது. வெறும் மண், மேலே மரப்பட்டைத் தூள்.

பதினெட்டு வருஷமாக அந்தச் சரிவு முழுக்க யானைக்காதுச் செடி வளர்த்திருந்தாள். தோல் போலத் தடித்த, அகலமான இலை. கோடையில் வெறும் பச்சை. நல்ல உறைபனி விழுந்ததும் பீட்ரூட்டை அறுத்து வைத்தாற்போல் சிவந்துவிடும். உரம் போட்டால் நிறம் வராதென்று பட்டினி போட்டே வளர்த்தாள். இங்கிலாந்துக் கிராமப்புறமான ஷ்ராப்ஷயரின் சாம்பல் ஜனவரியில், தபால்காரர்கூட வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

கணவன் ஹெட்லி சிரித்தபடி வந்தான். “எப்படி இருக்கு? மூணு நாள் தோண்டினேன். முதுகு விட்டுப்போச்சு.”

“செடி எங்க, ஹெட்லி?”

“எல்லாம் செத்துப்போச்சு கிளெனிஸ். இந்த வருஷம் பனி ஜாஸ்தி, இலையெல்லாம் படுத்து, ஒரே சேத்து நிறம். நீ பார்த்தா மனசு ஒடிஞ்சுபோவியேன்னுதான்…”

“சேறா? அது சிவப்பு! நீயும்தானே வருஷா வருஷம் ஜன்னல்ல நின்னு ‘என்னா கலரு’ன்னு சொல்லுவ!”

அவன் சிரிப்பு நின்றுபோனது. “நீ சொல்லுவ. நானும் சொல்லுவேன். இந்தத் தடவை சொல்ல நீ இல்ல.” மரப்பட்டைத் தூளைக் காலால் தள்ளினான். “எனக்குச் சிவப்பு தெரியாது, கிளெனிஸ். பொறந்ததுலேர்ந்தே.”

“அப்போ, கல்யாணத்துக்கு முன்ன ரயில்வே வேலைய, சம்பளம் பத்தலன்னு விட்டேன்னியே?”

“விளக்கைக் காட்டி நிறம் கேட்டாங்க. தப்பா சொன்னேன். அன்னிக்கே அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் உன்னைப் பார்த்தேன். அப்போ சொல்லக் கூச்சம். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

முப்பத்தொன்பது வருஷம். கல்யாணமான புதிதில், “சிவப்பு உனக்கு எடுப்பா இருக்கும்” என்று ஒரு பச்சைக் கையுறையை நீட்டினானே, அதைக் கேலி என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாளே. ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நிற்கும் ஆளை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது.

“புடுங்கினத எங்க போட்ட?” என்றாள் கடைசியில்.

“பின்னால, குப்பைக் குவியல்ல.”

ஓடிப்போய்ப் பார்த்தாள். குவியலின் மேலேயே கிடந்தன, இன்னும் சிவப்பாக. கட்டைவிரல் தடிமன் கிழங்கை அமுக்கினாள். கெட்டியாக இருந்தது.

“உயிரோட இருக்கா?” என்று கேட்டான் ஹெட்லி.

“அமுக்கிப் பாரு. கொழகொழன்னு இருந்தாத்தான் செத்தது.”

இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் பாதிச் சரிவை மறுபடி நட்டுவிட்டார்கள். கோபமா வருத்தமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அதற்கப்புறம் பல நாள், ஏதாவது ஒரு நிறத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவள், பாதியில் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.