அழுகைக்கு நாலு மார்க்

“லெட்டர் எங்கே? யாராவது பார்த்தீங்களா?”

கதாநாயகன் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். பட்டாளத்து உடுப்பு, ஒட்டுமீசை, உடுப்பை மீறிய தொப்பை. கடிதக் காட்சிக்கு இன்னும் ஏழே நிமிடம். திரைக்கு அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் வில்லனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மேஜைமேல் பழுப்புக் காகிதம். நாடகத்துக்கு வேண்டிய ஒவ்வொரு சாமானும் எங்கே இருக்க வேண்டும் என்று அதில் வரைந்திருந்தது. கைத்துப்பாக்கி, சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்குள் இரண்டு முட்டைக்கண் வேறு. வரைந்தவளுக்குச் சும்மா கோடு போட்டுவிட்டு நகர மனசு வராது. கடிதத்துக்கான கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

வரைந்தவளையும் காணோம்.

அவள் அவருடைய மச்சினி. வயது முப்பத்தெட்டு. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். படம், பாட்டு, ஆட்டம் என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவாள். பாட்டுக்காரர் சுருதி விலகினால் எதிரே நின்று காதைப் பொத்திக்கொள்வாள். மேடையில் யாரோ ஆட, திரைமறைவில் முழு நடனத்தையும் தானும் ஆடி முடித்து, கைதட்டலில் பாதியைக் குனிந்து வாங்கிக்கொள்வாள். மேடைச் சாமான் மொத்தமும் அவள் பொறுப்பு. துப்பாக்கி கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் “யாரு தொட்டது?” என்று குரல் வரும், வில்லனுக்கே உதறல் எடுக்கும். குழு வைத்த பெயர் ஹெட்மாஸ்டர்.

பெயருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மகன் போரில் இறந்த சேதியைக் கடிதத்தில் படித்து, பட்டாளத்து அப்பாவாகக் கதாநாயகன் கதற வேண்டிய காட்சி அது. வெற்றுத்தாளே போதும். ஆனால் ஒன்பது வருடமாக ஹெட்மாஸ்டர் வெற்றுத்தாள் வைத்ததில்லை.

‘அத்தான், நேத்து அழுகைக்கு நாலு மார்க். தோள் மட்டும் குலுங்குது. கண்ணு கடைக்குப் போயிருக்கு.’

‘அத்தான், கைக்குட்டையால மூஞ்சிய மூடினா எனக்குத் தெரியாதா? மூணு மார்க்.’

இதைப் படித்துக்கொண்டு ‘ஐயோ மகனே!’ என்று அலறுவது லேசான காரியமா? அதனால் காட்சிக்கு முன்பே திருட்டுத்தனமாகப் பிரித்து, சிரிக்கிற சிரிப்பையெல்லாம் சிரித்துத் தீர்த்துவிட்டுத்தான் மேடையேறுவார்.

இன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் குழு ஆறு மாதப் பயணம் கிளம்புகிறது. புதன்கிழமை இயக்குநர் அவரை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்: “ஊர் ஊரா அலையணும் சார். உங்க மச்சினிக்குச் சரிப்படாது. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.” கதாநாயகன் தலையாட்டிவிட்டார். அப்புறம் நாலு நாளாக அவள் முன்னால் போய் நிற்பதும், “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவதுமாக இருந்தார். இன்று நாடகம் முடிந்ததும் சொல்லியே ஆக வேண்டும்.

“எவனோ உளறிட்டான்,” என்றார் மனைவியிடம். குழுவின் தையற்காரியும் அவள்தான், வாயில் ஊசி. “கோவிச்சுட்டுப் போயிட்டா.”

“என் தங்கச்சி கோவிச்சா ஊருக்கே சொல்லிட்டுத்தான் போவா. தலையாட்டிட்டு வந்தீங்கல்ல, இப்ப அனுபவிங்க. முதல்ல மீசையை நேரா ஒட்டுங்க.”

மணி அடித்தது. லெட்டர் கிடைக்காமலே மேடையேறினார்.

தபால்காரர் வேடக்காரர் சைக்கிள் மணியோடு நுழைந்து, பையிலிருந்து கடிதத்தை நீட்டினார். உதடு அசையாமல் முணுமுணுத்தார். “ஹெட்மாஸ்டர் என் கையிலயே குடுத்துட்டாங்க. முன்னாடி காட்டினா தொலைச்சிடுவேன்னாங்க.”

எதிர்ப்பக்கத் திரை ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

பிரித்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

‘ஐயோ மகனே’ வரவில்லை. மூக்கு சிவந்தது. கைக்குட்டை சட்டைப்பையிலேயே இருந்தது. ஒட்டுமீசையின் இடதுபக்கம் நனைந்து, கழன்று, உதட்டின்மேல் தொங்கியது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் எழுந்த கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

எதிர்ப்பக்கம் கட்டிய கைகள் பிரிந்தன. எட்டு விரல்கள் உயர்ந்தன. பத்து மார்க்கா? அவளிடம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது.

திரை விழுந்ததும் மனைவி ஓடி வந்தாள். “என்னங்க, நிஜமாவே அழுதீங்களா? அப்படி என்ன எழுதியிருக்கா?”

கடிதத்தை நீட்டினார். மூலையில் குண்டுப் பட்டாளத்தான் ஒருவன், கண்ணீர் இல்லாமல். கீழே உருண்டை உருண்டையான எழுத்து:

‘அத்தான், நாலு நாளா வந்து சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுட்டுப் போறீங்க. அந்த நடிப்புக்கு ரெண்டு மார்க். என்னன்னு எனக்குத் தெரியும். டைரக்டர் சத்தமாப் பேசுறார், கதவு மெல்லிசு. நீங்க சொல்ல வேணாம். எதிர்த் தெரு நடனக் குழு, பின்னாடி திரையெல்லாம் வரைய என்னைக் கூப்பிட்டாங்க. போன மாசமே சரின்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. நீங்க அழுவீங்க.’