சிவப்பு கிளிப்பும் மைனஸ் முப்பத்தெட்டும்

பத்தாவது நாள் காலையில எட்டரை மணிக்கு, காபி போடலாம்னு உர்போ குழாயத் திறந்தாரு. குழாய் ரெண்டு தடவ இருமுச்சு. அப்புறம் கம்முனு ஆயிடுச்சு.

உர்போவுக்குப் பயம் வந்துருச்சு. வெளியில மைனஸ் முப்பத்தெட்டு, ஆனா அதுக்காக இல்ல. நாப்பது வருஷம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பாத்துட்டு ரிட்டயர் ஆன மனுஷன், குளிர் அவருக்குப் பங்காளி மாதிரி. அவரு பயந்தது பொண்டாட்டி ரைலியோட போட்ட ஒப்பந்தத்துக்கு.

சமையல், படுக்கை எல்லாம் உள்ளயே இருக்கிற இந்தக் கேரவன் வண்டியக் கண்டாலே ரைலிக்கு ஆகாது. அந்தம்மாவோட தங்கச்சி குளிர்காலம் வந்தா கேனரி தீவுக்கு ஃபிளைட் ஏறிப் போயி, வெயில்ல கால நீட்டிப் படுத்துக்கிட்டு போட்டோவா அனுப்பித் தள்ளுறா. ஊரே தெக்க போறப்ப நாம மட்டும் ஒரு டப்பாவுக்குள்ள உக்காந்துக்கிட்டு எதுக்கு இன்னும் வடக்க போறோம்னு ரைலி மூணு வருஷமா கேக்குறாங்க. போதாததுக்கு, உர்போ ஸ்டியரிங்க யார் கையிலயும் குடுக்க மாட்டாரு. ரைலி பக்கத்து சீட்டுல உக்காந்து மேப் பாக்கணும். அந்தப் பக்கத்துக் கதவு இடுக்குல காத்து வருது, முட்டி மரத்துப் போகுதுன்னு அந்தம்மா சொல்றப்பல்லாம், அதெல்லாம் உன் மனப்பிராந்தின்னு இவரு சொல்லிருவாரு.

கடைசியில பேசி முடிச்சது இதுதான். நாட்டோட வடகோடியில, இனாரி ஏரிக்கரை கேரவன் முகாம்ல பத்து நாள். வண்டிக்குள்ள சூடு குறையக் கூடாது, குழாய்த் தண்ணி நிக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு தப்புனாலும் வண்டிய வித்துட்டு அடுத்த வருஷம் கேனரி தீவு. பத்து நாளும் தாண்டிட்டா ரைலி வாயத் திறக்கக் கூடாது. ஒம்பது நாள் தாண்டியாச்சு. இன்னிக்கு மதியம் பன்னெண்டு மணிக்குக் கிளம்புனா உர்போ ஜெயிச்சாரு.

பெஞ்சுப் பலகையத் தூக்கி அடியில பாத்தாரு. அங்க ஒரு வால்வு இருக்கு. அந்த இடத்துல சூடு மூணு டிகிரிக்குக் கீழ எறங்குனா, பைப்பு வெடிச்சிரக் கூடாதுன்னு அது தானாத் தெறந்து தண்ணியெல்லாம் வெளிய கொட்டிரும். அது தெறக்காம இருக்க, உர்போ யாருக்கும் தெரியாம ஒரு துணி கிளிப்ப மாட்டி வெச்சிருந்தாரு. ஓரம் உடைஞ்ச சிவப்பு கிளிப்பு. வண்டியோட பெருமை, ஹீட்டரோட பெருமைன்னு ஒம்பது நாளா அவரு அளந்ததெல்லாம் அந்தக் கிளிப்போட பெருமைதான்.

கிளிப்பக் காணோம். வால்வு வாயத் தெறந்துக்கிட்டு நிக்குது.

பூட்ஸ் தேட நேரமில்லாம வீட்டுச் செருப்போடயே எறங்கி ஓடுனாரு. நூறு லிட்டர் தண்ணியும் வண்டிக்கு அடியில எறங்கி, பின்சக்கரத்தக் கட்டிப்புடிச்சு ஐஸா நின்னுச்சு. சக்கரம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்ச பொம்மை மாதிரி இருந்துச்சு.

ரைலி முகாமோட நீராவிக் குளியல் அறைக்கு, அதான் சவுனாவுக்கு, போயிருந்தாங்க. காலையில பத்து மணி வரைக்கும் பொம்பளைங்க முறை. அதுக்குள்ள சக்கரத்த விடுவிச்சு, தொட்டியில தண்ணி நெரப்பி, ஒண்ணுமே நடக்காத மாதிரி காபியோட உக்காந்திருக்கணும். அதுக்குச் சுடுதண்ணி வேணும். முகாம்ல பக்கெட் கணக்குல சுடுதண்ணி கெடைக்கிற ஒரே எடம் சவுனா.

மூக்கு வரைக்கும் மஃப்ளரச் சுத்திக்கிட்டு, பழம் பறிக்கிற நீல பக்கெட்ட எடுத்துக்கிட்டுப் போயி, சவுனாக் கதவத் தட்டிட்டுச் சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு. கதவு ஒரு சாண் தெறந்துச்சு. ஆவிக்குள்ள இருந்து ஒரு கை வந்துச்சு. குரல மாத்தி, ஒரு சக்கரத்துக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வேணும்னு முனகுனாரு. கை பக்கெட்ட வாங்கிட்டுப் போயி நெறச்சுக் குடுத்துச்சு. உள்ள யாரோ சிரிக்கிற சத்தம்.

நாலு நடை நடந்தாரு. நாலாவது பக்கெட்ட ஊத்துனப்ப, பக்கத்துக் கேரவன் தைஸ்தோ கையில ஏலக்கா பன்னோட வந்து நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. தைஸ்தோ ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. பன்ன மென்னு முழுங்கிட்டுக் கேட்டாரு.

"ஐஸ்பாலம் கட்டுறியாப்பா?"

அப்பதான் உர்போ குனிஞ்சு பாத்தாரு. ஊத்துன சுடுதண்ணி எல்லாம் சக்கரத்து மேலயே இன்னொரு சட்டையா உறைஞ்சு, இப்ப பாதி டயரு தெரியல. இந்தக் குளிர்ல சுடுதண்ணி ஊத்தக் கூடாதுன்னு இங்க பால்வாடிப் புள்ளைக்குக் கூடத் தெரியும். ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு அன்னிக்கு மறந்து போச்சு.

தொட்டிக்காவது தண்ணி வேணுமேன்னு அஞ்சாவது தடவ கதவத் தட்டுனாரு. கை பக்கெட்ட வாங்கி நெறச்சு நீட்டுச்சு. வாங்குனவரு அப்படியே நின்னுட்டாரு. பக்கெட் கைப்பிடியில ஒரு கிளிப்பு மாட்டியிருந்துச்சு. சிவப்பு. ஓரம் உடைஞ்சது.

கதவு சாத்திக்கிச்சு. உள்ள இப்ப எல்லாருமே சிரிச்சாங்க.

பத்து மணிக்கு ரைலி வந்தாங்க. தலையில சுத்துன துண்டு மரக்கட்டையா உறைஞ்சிருந்துச்சு, முகம் மட்டும் தக்காளியாட்டம் செவந்திருந்துச்சு. சக்கரத்த ஒரு சுத்து சுத்தி வந்து பாத்தாங்க.

"குரல மாத்துனியே, பக்கெட்ட மாத்துனியா? அது நம்ம பக்கெட்டுய்யா."

உர்போ கிளிப்ப நீட்டி, இது உன் கைக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டாரு. தலைத்துண்டு அவுந்து அவுந்து விழுதேன்னு காலையில கிளிப்பு தேடுனேன், பெஞ்சுக்கு அடியில ஒரு குமிழ்ல மாட்டியிருந்துச்சு, எடுத்துக்கிட்டேன், நீ பக்கெட்டோட அலையுறதப் பாத்ததும் சந்தேகம் வந்து மாட்டி அனுப்புனேன்னாங்க. குமிழுக்கு எதுக்குக் கிளிப்புன்னு திருப்பிக் கேட்டாங்க. கிளிப்ப எடுத்தது நீதான்னு உர்போ சண்ட போடலாம். போட்டா, ஒம்பது நாளா ஏமாத்துனது வெளிய வரும்.

கடைசியில எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ரைலி கேட்டு முடிச்சுட்டு, தண்ணி நின்னது நின்னதுதானேன்னு மட்டும் சொன்னாங்க.

தைஸ்தோ கோடாலியும் ஒரு வாளி மணலும் கொண்டாந்தாரு. "சுடுதண்ணி வேண்டாம்"னாரு. அதோட அன்னிக்கு அவரு கணக்கு முடிஞ்சுச்சு. ரெண்டு ஆம்பளைங்களும் ஒண்ணர மணி நேரம் கொத்துனாங்க. உர்போவோட மீசையில ஐஸ் தொங்குச்சு, செருப்பு தரையோட ஒட்டி ஒட்டிப் பிரிஞ்சுச்சு. சக்கரம் அசையல. யாராவது உள்ள உக்காந்து வண்டிய முன்னயும் பின்னயும் ஆட்டணும், ரெண்டு பேரு பின்னால தள்ளணும். தள்ளுறதுக்கு ரெண்டு ஆம்பளைங்களும் வேணும், ஓட்ட மிச்சம் ரைலிதான்.

மூணு வருஷத்துல முதல் தடவயா உர்போ சாவியக் குடுத்தாரு. குடுக்குறப்பவே நூறு புத்தி சொன்னாரு. ரைலி ஒண்ணுத்தையும் காதுல வாங்காம ஏறி உக்காந்து, சீட்ட முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.

முன்ன, பின்ன, முன்ன. துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். வண்டி துள்ளிக் கிளம்புச்சு. உர்போ சந்தோஷத்துல கையத் தூக்குனாரு. வண்டி நிக்கல. முகாம் ரோடு மேடு, அந்த வழுக்கல்ல நடுவுல நின்னா மறுபடி ஏறாது. ரைலி அது தெரிஞ்சுதான் நிக்காம ஓட்டுனாங்க. வளைவுல அழகாத் திரும்பி, மரத்துக்குப் பின்னால மறைஞ்சு போனாங்க.

ஒரு கிலோமீட்டர். வீட்டுச் செருப்போட உர்போ நடந்தாரு. பெரிய ரோட்டுக்கு வந்தப்ப வண்டி ஓரமா நின்னுச்சு, இஞ்சின் ஓடிக்கிட்டே. ரைலி ஸ்டியரிங்க விரலால தட்டிக்கிட்டு ஏதோ பாட்ட முனகிக்கிட்டு இருந்தாங்க. சிவப்பு கிளிப்பு கண்ணாடிக்கு மேல வெயில் மறைப்புல மாட்டியிருந்துச்சு.

உர்போ டிரைவர் பக்கத்துக் கதவப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குனாரு. ஒப்பந்தம் என்னாச்சுன்னு மெதுவாக் கேட்டாரு.

"தண்ணி நின்னுச்சு, நான் ஜெயிச்சேன். வண்டிய வித்தாச்சு."

"அதுக்குள்ளயா? யாருக்கு?"

"எனக்குத்தான். சுத்தி வந்து அந்தப் பக்கம் ஏறு."

உர்போ சுத்தி வந்து ஏறுனாரு. மேப்ப எடுத்து மடியில விரிச்சாரு. வண்டி கிளம்பி அஞ்சு நிமிஷம் ஆகல, கதவு இடுக்குல இருந்து ஊசியா ஒரு காத்து வந்து முட்டியக் குத்துச்சு. ரைலி திரும்பிப் பாக்காமலே, என்ன நெளியுறேன்னு கேட்டாங்க.

ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, முட்டி மேல மேப்ப இழுத்துப் போத்திக்கிட்டாரு உர்போ.