சீதா கொடுத்த ரத்தம்

அக்கா சந்திரமதிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, மலாக்கா காஜா பெராங்கில் அவர்கள் சந்து முழுக்க அதன் நிறத்தைத்தான் பேசியது. பொன்னாட்டம் பெண் என்றார்கள். மருத்துவச்சி வேறு வழக்கம்போல் மஞ்சளைக் குழைத்து உச்சி முதல் பாதம் வரை பூசிக் குளிப்பாட்டிவிட்டாள். கண்ணுக்குள்ளும் மஞ்சள் ஏறியிருந்ததை யார் பார்த்தார்கள்? மூன்றாம் நாள் பால் குடிக்க மறுத்தது, மறுநாள் போய்விட்டது. கண் பட்டுவிட்டது என்று சொல்லி ஆளாளுக்கு அழுது ஓய்ந்தார்கள். தங்கை சீதாவுக்கு மட்டும் ஆறவே இல்லை. அந்தப் பிள்ளையைப் பொன்னு என்று முதலில் கொஞ்சியவள் அவள்தான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் அக்கா மறுபடி உண்டானாள். இந்தத் தடவை சீதா விடவில்லை. அத்தான் ஜெயபாலனோடு மல்லுக்கட்டி, அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். பெரும்பாலோர் ரத்தத்தில் இருக்கும் ஒரு பொருள் அக்காவின் ரத்தத்தில் இல்லையாம். தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு அது வந்துவிடுகிறது. முதல் பிள்ளை தப்பிவிடும். அடுத்த பிள்ளையின் ரத்தத்தை அந்நியம் என்று நினைத்துத் தாயின் உடம்பே அழிக்கத் தொடங்கிவிடும். பிறந்த கையோடு பிள்ளையின் ரத்தத்தை மாற்றினால் காப்பாற்றலாம். அதற்கு, அந்தப் பொருள் இல்லாத ரத்தம் வேண்டும். மலாக்காவில் அது லேசில் அகப்படாது, கூடப்பிறந்தவர்களைச் சோதித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அண்ணன் நல்லையாவுக்குப் பொருந்தவில்லை. சீதாவுக்குப் பொருந்தியது.

அங்கேதான் வந்தது வினை. சீதாவுக்கும் புக்கிட் காதில் என்ற ஊர்ச் சேதுபதிக்கும் நிச்சயம் முடிந்து, தையில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். பிள்ளை தங்காத ரத்தம் இவளுக்கும் என்று தெரிந்தால் எவன் தாலி கட்டுவான் என்று அப்பா பொன்னுதுரை குதித்தார். ரத்தம் கொடுக்க வேறு ஆளைப் பிடிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றார். பாவம், மனுஷன் சும்மாவும் இருக்கவில்லை. ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசியைக் கண்டதும் பாதிப் பேர் நழுவினார்கள். மீதிப் பேருக்குப் பொருந்தவில்லை.

அக்காவுக்கு வலி கண்ட காலையில் சீதா தலையை வாரி முடிந்துகொண்டு கிளம்பினாள். அப்பா வாசலை மறித்து நின்றார்.

“நவுருங்கப்பா. கல்யாணம் நின்னா நான் பொழச்சுக்குவேன். அக்கா பிள்ள பொழைக்காது.”

அவர் நகரவில்லை. அவள் அடுப்படி வழியாக வெளியேறி பஸ் ஏறிவிட்டாள்.

ஆண் பிள்ளை. பொழுது சாய்வதற்குள் கண்ணில் மஞ்சள் தட்டிவிட்டது. சீதாவின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை, பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தபடியே உள்ளே ஏற்றினார்கள். சீதாவுக்குத் தலை சுற்றியது. பயமாகவும் இருந்தது. ஆனாலும் அறை வாசலை விட்டு அவள் அசையவில்லை. இரண்டு நாளில் பிள்ளை வாய் வைத்துப் பால் உறிஞ்சியது.

அதற்குள் சேதி புக்கிட் காதிலுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் சேதுபதியே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். பேரனைப் பார்க்க வந்திருந்த அப்பா பதறிப்போய், வாங்க மாப்பிள்ளை என்று எழுந்தார். சேதுபதி மரியாதையாகத்தான் பேசினான். அவன் அம்மா கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார்களாம். ஒன்றே ஒன்று, ரத்தம் சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று ஊரில் சொல்லிவிட வேண்டும். சீதா இனிமேல் ரத்தம் கொடுக்கவும் கூடாது. அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரி என்று சொல்லம்மா என்பதுபோல் மகளைப் பார்த்தார்.

சீதாவுக்குச் சேதுபதியை நிஜமாகவே பிடித்திருந்தது. ஆனாலும் பேசினாள்.

“நர்ஸ் மிஸ்ஸிகிட்ட என் பேரக் குடுத்துட்டேன். எந்தப் பிள்ளைக்கு வேணும்னு கூப்பிட்டாலும் வருவேன். தெரியாம ஒன்னப் பறிகொடுத்தோம். இப்ப தெரிஞ்சும் வாய மூடிக்கவா? நாளைக்கு நமக்கே ரெண்டாவது பிள்ள வரும். அப்ப யாருகிட்டப் போய் மறைப்பீங்க?”

சேதுபதி தரையைப் பார்த்தான். அம்மாவைக் கேட்டுவிட்டு வந்து சொல்வதாக முனகினான்.

அப்பா மகளைப் பார்த்தார். ஊசி குத்தி நீலம் பாய்ந்திருந்த அவள் கையைப் பார்த்தார். பிறகு தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு சேதுபதியின் பக்கம் திரும்பினார்.

“அம்மாவக் கேக்க வேணாம், தம்பி. பஸ் வந்துரும், கெளம்புங்க.”